லடோகா ஏரியின் மேல் லாரிப் பாதை

உறைந்துபோன ஏரியின் மேல் வண்டி ஓட்டுவது வடதேசத்தாருக்குப் புதுமையன்று. ருஷ்யாவிலும் பின்லாந்திலும் கனடாவிலும் குளிர்காலந்தோறும் ஆறுகளும் ஏரிகளும் பாதைகளாகிவிடுகின்றன. ஆயினும், ஒரு பெருநகரத்தார் உண்ண வேண்டிய ரொட்டிக்கான மாவு ஒரு சாண் கனமுள்ள பனிக்கட்டியின் மேல் லாரிகளில் ஏறி வந்தாக வேண்டும் என்னும் நிலை 1941ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லெனின்கிராட் நகருக்கு ஏற்பட்டது. 1991 முதல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் தன் பழைய பெயரால் மீண்டும் வழங்கும் நகரம் அதுவே. அந்த லாரிகளைப் பற்றியும், அவற்றை ஓட்டியவர்களைப் பற்றியும், அவர்களைத் தாங்கிய பனிக்கட்டியைப் பற்றியும் இங்கே சிறிது கூறுவோம். அந்தப் போரின் தளபதிகளைப் பற்றி நூல்கள் பல உள. அவர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஜெர்மானியப் படைகள் 1941 செப்டம்பர் 8ஆம் தேதி, நேவா ஆறு லடோகா ஏரியிலிருந்து புறப்படும் இடத்தில் உள்ள ஷ்லிஸ்ஸெல்பர்க் என்னும் ஊரைப் பிடித்தன. அதனுடன் லெனின்கிராடுக்கு நிலவழித் தொடர்பு அற்றுப்போயிற்று. வடக்கே பின்லாந்துப் படை நின்றது. அதே நாளில் பதாயெவ் கிடங்குகள் என்னும் பெரிய உணவுக் கிடங்குகள் விமானக் குண்டுகளால் எரிந்தன. உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். எஞ்சிய வழி கிழக்கே கிடந்த லடோகா ஏரி ஒன்றே. ஐரோப்பாவில் அதனினும் பெரிய ஏரி இல்லை. சுமார் 17,700 சதுர கி.மீ. பரப்புள்ளது. இலையுதிர் காலம் முழுவதும் படகுகளும் தோணிகளும் சூறைக்காற்றுக்கும் குண்டுவீச்சுக்கும் இடையே அதில் உணவு கொண்டுவந்தன. நவம்பர் நடுவில் நீர் உறையத் தொடங்கியதும் படகு நின்றது. நீர், படகு செல்ல முடியாதபடி கெட்டியாகிவிட்டது. லாரி செல்லுமளவு கெட்டியாகவில்லை. நகரத்தின் மிகக் கொடிய நாட்கள் இந்த இடைவெளியில்தான் தொடங்கின. நவம்பர் 20ஆம் தேதி ரொட்டிப் பங்கீடு ஐந்தாம் முறையாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம். அலுவலர்க்கும் குழந்தைகளுக்கும் பிறரை நம்பி வாழ்வோர்க்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவோடு பருத்தி விதைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இது ஒரு பழைய தொல்லை. விடியற்காலையில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி. மலையுச்சியில் வெண்மையாகக் கிடப்பதும் பனி. கண்ணாடிபோல் உறைந்த நீரும் பனிக்கட்டி. ஒரு சொல்லை வைத்தே நாம் காலங்கழித்துவிட்டோம். நம் தட்பவெப்பத்துக்கு அது போதும். லாரி ஓட்டுகிறவனுக்கோ இவை வெவ்வேறு பொருள்கள். வானிலிருந்து பஞ்சாக விழும் வெண்பனியில் சக்கரம் புதையும். வண்டிகள் நசுக்கி இறுகச் செய்த வெண்பனியில் சக்கரம் பிடிக்கும். அது உருகி மறுபடி உறைந்தால் சக்கரம் வழுக்கும். லடோகாவில் இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சங்கடம் இருந்தது. ஏரியின் பனிக்கட்டி மேல் வெண்பனி விழுந்து மூடினால், அது கம்பளி போர்த்தியதுபோல் கீழே உள்ள பனிக்கட்டியைக் குளிரினின்று காத்துவிடும். பனிக்கட்டி தடிப்பது தாமதமாகும். ஆதலின் வெண்பனியை ஓயாமல் வழித்தெறிவது சக்கரங்களுக்காக மட்டும் நடந்த வேலையன்று. பாதையை வளர்ப்பதற்கே அது தேவையாயிருந்தது.

நகரின் உணவுப் பொறுப்பை ஏற்றிருந்த திமித்ரி பாவ்லோவ் என்பார், அந்நாட்களில் தம் கையில் இருந்த கணக்கைப் பிற்காலத்தில் நூலாக எழுதினார். பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் கனமானால் சுமையில்லாத குதிரை ஒன்று நடக்கலாம்; 18 சென்டிமீட்டரானால் ஒரு டன் சுமையுள்ள சறுக்குவண்டியைக் குதிரை இழுக்கலாம்; 20 சென்டிமீட்டரானால் ஒரு டன் சுமையுடன் லாரி போகலாம். இந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நகரமே வெப்பமானியைப் பார்த்துக் காத்திருந்தது. குளிர் கூடாதா என்று குளிரால் வாடியவர்களே ஏங்கினார்கள்.

நவம்பர் 17ஆம் தேதி, பாலம் அமைக்கும் பட்டாளம் ஒன்றைச் சேர்ந்த சிறு குழுவினர் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு மேற்குக் கரையிலுள்ள கொக்கொரெவோவிலிருந்து புறப்பட்டனர். வழிநெடுகப் பனிக்கட்டியைத் துளையிட்டு அளந்து, துளையருகே கம்பு நட்டுக்கொண்டே கிழக்குக் கரையிலுள்ள கொபொனாவை அடைந்தனர். தூரம் ஏறத்தாழ 30 கி.மீ. அதன்பின் குதிரை பூட்டிய சறுக்குவண்டிகள் வரிசையாகச் சென்று திரும்பின. நவம்பர் 22ஆம் தேதி 60 லாரிகள் இறங்கின. அவை கொண்டுவந்த மாவு 33 டன். லாரி ஒன்றுக்கு அரை டன்னுக்குச் சற்று மேல். அதற்குமேல் ஏற்றப் பயந்தார்கள். அப்போது நகரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க நாளொன்றுக்கு வேண்டிய மாவு 510 டன். முதல் நாள் சாகசம் முழுவதும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத் தேவைக்கே ஈடாயிற்று.

இந்தச் சிறு கணக்கை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். பாதை திறந்ததும் பஞ்சம் தீர்ந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள், நிகழ்ந்தது அவ்வாறன்று. டிசம்பரில் நகரத்தில் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். அடுத்துவந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். அதாவது, ஏரியின்மேல் லாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த மாதங்களில்தான் மக்கள் மிகுதியாக மடிந்தார்கள். முற்றுகைக் காலம் முழுவதிலும் இறந்த பொதுமக்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்.

இதற்குக் காரணங்கள் ஏரியின் இரு கரைகளிலும் இருந்தன. கிழக்கே தீஹ்வின் என்னும் ரயில் நிலைய நகரம் நவம்பர் 8ஆம் தேதி எதிரி வசமாயிற்று. ரயிலில் ஏரிக்கரைக்கு வந்துகொண்டிருந்த மாவு நெடுந்தொலைவில் நின்றுவிட்டது. காட்டையும் சதுப்பையும் வெட்டி 300 கி.மீட்டருக்கும் நீண்ட ஒரு சுற்றுப் பாதையைக் குடியானவர்களும் சிப்பாய்களும் அவசரமாக அமைத்தனர். அதில் லாரிகள் பள்ளங்களில் புதைந்தும் அச்சு ஒடிந்தும் நின்றன. டிசம்பர் 9ஆம் தேதி தீஹ்வின் மீட்கப்பட்ட பின்னரே ரயில் படிப்படியாக ஏரிக்கு அருகே வந்தது. மேற்கேயோ, கரையிலிருந்து நகருக்குச் சென்ற பழைய கிளை ரயிலுக்கு நிலக்கரி இல்லை. இவற்றோடு, ஒரு மாதம் 125 கிராம் ரொட்டியில் கிடந்த உடல், மறுமாதம் 200 கிராம் கிடைத்ததும் எழுந்துவிடுவதில்லை. டிசம்பர் 25ஆம் தேதி பங்கீடு முதல் முறையாக உயர்த்தப்பட்டது. தெருவில் முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் தழுவி அழுதனர் என்பர். அவர்களுள் எத்தனை பேர் பிப்ரவரியைக் கண்டார்கள் என்பதை மேற்சொன்ன எண்களே உணர்த்தும்.

இனி லாரியைப் பார்ப்போம். பெரும்பாலானவை கோர்க்கி நகரில் செய்யப்பட்ட காஸ்-ஏஏ என்னும் வகை. அமெரிக்காவின் போர்டு லாரியைத் தழுவி, அனுமதி பெற்று, 1932 முதல் ருஷ்யர் செய்துவந்தது. நாற்பது குதிரைச் சக்தியை ஒட்டிய சிறிய பெட்ரோல் எஞ்சின். ஒன்றரை டன் பாரம் ஏற்றலாம். அதனால் ருஷ்யர் அதனைப் ‘பலுத்தோர்க்கா’ என்றனர். ‘ஒன்றரையாள்’ என்று நாம் செல்லமாகத் தமிழ்ப்படுத்தலாம். மூன்று டன் ஏற்றும் ஜிஸ்-5 என்னும் பெரிய லாரியும் உண்டு. அது பனிக்கட்டி தடித்த பிறகே பெருவாரியாக இறங்கியது. தொடக்க நாட்களில் லாரியின் பின்னே சறுக்குவண்டியைக் கட்டி, மூட்டைகளில் ஒரு பங்கை அதில் ஏற்றினர். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவவேண்டும் என்பதே கருத்து.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டு மெல்லச் சென்ற லாரிகள் பத்திரமாகக் கரை சேர்ந்தன. அவையே காலியாகத் திரும்பும்போது சில மூழ்கின. பாரம் மிகுந்தது தப்பவும், பாரம் குறைந்தது முழுகவும் நேர்ந்ததைக் கண்டு ஓட்டிகள் திகைத்தார்கள். லெனின்கிராட் பௌதிகத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பாவெல் கோபெகோ, நாவும் ரெய்னோவ் முதலிய விஞ்ஞானிகள் இதனை ஆராய்ந்தனர். பனிக்கட்டி எவ்வளவு வளைகிறது என்பதைத் தானே பதிவு செய்யும் ஒரு கருவியை ரெய்னோவ் வகுத்தார். அதனை ஏரியின்மேல் ஆங்காங்கே பொருத்தி, லாரிகள் ஓடும்போது அளந்தனர்.

விடை இதுதான். பனிக்கட்டி, தரைபோல் அசையாமல் கிடப்பதன்று. நீரின்மேல் மிதக்கும் ஒரு பெரிய பலகை. லாரி நிற்கும் இடத்தில் அது சற்றுக் குழிகிறது. லாரி நகர்ந்தால் குழியும் உடன் நகர்கிறது. அந்தக் குழி கீழேயுள்ள நீரைத் தள்ளி அலையை எழுப்புகிறது. ஆழம் குறைந்த நீரில் அந்த அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கும். பத்து மீட்டர் ஆழமானால் அலை மணிக்குச் சுமார் 36 கி.மீ. வேகத்தில் செல்லும். லாரியும் அதே வேகத்தில் ஓடினால் குழியும் அலையும் பிரியாமல் சேர்ந்தே சென்று, ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளினால் வீச்சு மிகுவதுபோல், வளைவு மிகுந்துகொண்டே போகும்; கடைசியில் பனிக்கட்டி பிளக்கும். லடோகாவின் தென் வளைகுடா ஆழமற்றது. அங்கே ஆபத்தான வேகம் மணிக்கு 35 கி.மீ. அளவில் இருப்பதாக அளவைகள் காட்டின. காலி லாரிகளின் ஓட்டிகள், எதிரி விமானத்துக்கு அஞ்சியோ, மறுநடை விரைந்து எடுக்கவோ, சரியாக அந்த வேகத்துக்கே வண்டியை முடுக்கியிருக்கிறார்கள். இரு லாரிகள் ஒன்றையொன்று முந்தும்போது இரண்டு குழிகளும் கூடித் தொல்லை இரட்டிக்கும் என்பதும் தெரியவந்தது.

பாதையின் விதிகள் இதிலிருந்து பிறந்தன. அந்த வேகத்துக்கு வரலாகாது. முந்துதல் கூடாது. வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும். பாரவண்டி போக ஒரு தடம், காலிவண்டி திரும்ப வேறொரு தடம். இரண்டும் அருகருகே இருத்தலாகாது. வெகுநேரம் ஓரிடத்தில் நிற்பதும் தீது; ஓடும் லாரியைத் தாங்கும் பனிக்கட்டி, நிற்கும் லாரியின் கீழ்ச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, பிளவுகளின் வழியே நீரை மேலே விடும். தடம் களைத்துப்போனால் அதனைக் கைவிட்டுப் பக்கத்தில் புதிய தடம் வழிக்க வேண்டும். ஒரு குளிர்காலத்துக்குள் இவ்வாறு பல தடங்கள் மாறின. அந்தப் பாதைக்கு வரைபடம் வரைந்தால் வாரந்தோறும் கிழித்தெறிய வேண்டியிருக்கும்.

விதி எழுதுவது ஒன்று. இரவில், முகப்பு விளக்கு மறைக்கப்பட்ட லாரியில், பனிப்புயலில், மைனஸ் 30 டிகிரிக் குளிரில் அதனைக் கைக்கொள்வது வேறு. ஓட்டிகள் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினர். சிலர் கதவையே கழற்றிவிட்டனர். வண்டி இறங்கினால் குதித்துத் தப்புவதற்கு அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில விநாடிகள்தான். எஞ்சினை நிறுத்தினால் ரேடியேட்டர் நீர் உறைந்து குழாய்கள் வெடிக்கும்; ஆகவே, நிறுத்தினால் உடனே நீரை வடித்துவிட வேண்டும், புறப்படுமுன் வெந்நீர் ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் களிம்பாகக் கெட்டிப்படும். அதன் அடியில் தீ மூட்டிச் சூடேற்றிய பிறகே கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்புவர். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். திருகாணியைக் கையுறையோடு திருகவும் முடியாது.

ஒரு தொல்லை மட்டும் அவர்களுக்கு இல்லை. பெட்ரோல் எஞ்சின் ஆதலால் டீசல் உறையும் கவலை எழவில்லை. டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். நம் நாட்டு லடாக்கில் லாரி ஓட்டுவோர்க்கு இது நன்கு தெரிந்த துன்பம். மைனஸ் 33 டிகிரிவரை இளகியே நிற்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில்தான் அங்கே வழங்கத் தொடங்கியது.

பாதை நெடுகக் காவலர்கள் நின்றார்கள். அவர்களில் பலர் பெண்கள். வெள்ளை மேலங்கி அணிந்து, பகலில் கொடியும் இரவில் விளக்கும் பிடித்து வழிகாட்டினார்கள். அந்த விளக்கு நம் கிராமங்களில் அரிக்கேன் விளக்கு என்று வழங்குவதே. காற்றுக்கு அணையாதது என்பதால் ஆங்கிலத்தில் சூறாவளியைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். நம்மவர் வாயில் அது அரிக்கேன் ஆயிற்று. ருஷ்யர் அதே விளக்கை ‘வௌவால்’ என்கின்றனர். இரவில் ஏரியின்மேல் ஓட்டிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் இந்த வௌவால்கள்தாம். காற்றின் வேகத்தாலும் ஏரி நீர்மட்டம் தாழ்வதாலும் பனிக்கட்டியில் நீண்ட பிளவுகள் தோன்றும். அவற்றின் குறுக்கே மரப்பாலங்களைத் தூக்கிப் போடுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். குண்டு விழுந்த துளை சிறிது நேரத்தில் மெல்லிய பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும். மேலே வெண்பனி படிந்துவிட்டால் அதைக் கண்டறிவது அரிது. அதற்குள் அதைச் சுற்றிக் கம்பு நட வேண்டும். அந்த வேலையில் தவறினால் அடுத்த லாரி அதில் இறங்கும்.

1942 ஜனவரியில் ஓட்டி ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு இரண்டு நடை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவர்களும் அரைப்பட்டினிக்காரர்கள், முதுகுக்குப் பின்னால் மாவு மூட்டை, வயிற்றில் ஒன்றுமில்லை. உறக்கத்தை வெல்ல, தலைக்குப் பின்னே ஒரு பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஓயாமல் கலகலத்துத் தலையில் இடிக்கும்படி செய்துகொண்டனர் என்பது அவர்கள் நினைவுகூர்ந்த செய்தி. 1941 டிசம்பர் கடைசி நாளன்று மக்சீம் த்வெர்தோஹ்லெப் என்னும் ஓட்டி, குழந்தைகளின் புத்தாண்டு விழாவுக்காகக் கமலா ஆரஞ்சுப் பழங்களை ஏற்றி வந்தார். வழியில் ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. வண்டியில் 49 ஓட்டைகள் எண்ணப்பட்டன என்பர். பழம் வந்து சேர்ந்தது. பின்னாளில் பாடப்புத்தகங்களில் மெருகேறிய கதை இது. ஆயினும், மாவுக்கே வழியில்லாத நகரத்தில் பழத்துக்காக ஒரு நடை ஒதுக்கினார்களே, அந்த முடிவை நாம் குறைகூற மாட்டோம்.

ஜனவரி 22ஆம் தேதிக்குப் பின் திரும்பும் லாரிகள் காலியாக இல்லை. நகரத்திலிருந்து ஐந்து லட்சம் பேரை வெளியேற்றுவதென மாஸ்கோவில் முடிவாயிற்று. ஏப்ரல் நடுவரை ஐந்தரை லட்சத்தை ஒட்டிய மக்கள் ஏரியைக் கடந்தனர். பஸ்களில் சிலர், திறந்த லாரிகளில் பலர். பனிக்கட்டியின் மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும்போது, வலுவிழந்த தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுந்ததுண்டு என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். விரைந்தால் இந்தத் துன்பம். மெதுவாகச் சென்றால் திறந்த வண்டியில் குளிரே கொன்றுவிடும். முப்பது கி.மீ. தூரத்துக்குள் ஓட்டி இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வேகத்தைத் தேர்ந்தாக வேண்டும். அந்த வேகம் மேலே சொன்ன 35ஆகவும் இருத்தலாகாது.

ஏப்ரலில் பனிக்கட்டியின்மேல் நீர் நின்றது. சக்கரம் பாதி மூழ்க லாரிகள் படகுபோல் வந்தன. 24ஆம் தேதியோடு பாதை முடிந்தது. 152 நாட்களில் அதன்வழி நகருக்கு வந்த பொருள் 3,61,000 டன். அதில் உணவு 2,62,000 டன். நாளொன்றுக்குச் சராசரி 2,300 டன்னுக்கு மேல். முதல் நாளின் 33 டன்னோடு இதனை ஒப்பிட்டால், அந்த ஓட்டிகளும் வெண்பனி வழித்தவர்களும் செய்த வேலை விளங்கும். அடுத்த குளிர்காலத்திலும் பாதை திறக்கப்பட்டது. ஆனால் 1943 ஜனவரி 18ஆம் தேதி ஏரியின் தென்கரையில் ஒரு குறுகிய நிலத்துண்டு மீட்கப்பட்டு, அதில் விரைவாக ரயில் பாதை போடப்பட்டது. பிப்ரவரி 7ஆம் தேதி முதல் ரயில் நகருக்குள் வந்தபின், ஏரியின்மேல் ஓடிய லாரிகளின் முக்கியத்துவம் குறைந்தது. முற்றுகை முழுவதும் நீங்கியது 1944 ஜனவரி 27ஆம் தேதி.

ராணுவக் காகிதங்களில் அந்தப் பாதைக்கு 101ஆம் எண் ராணுவ மோட்டார்ச் சாலை என்று பெயர். மக்கள் இட்ட பெயர் ‘தரோகா ஜீஸ்னி’. இதனை ‘வாழ்வுச் சாலை’ என்று பெயர்ப்பதுண்டு. சாலை என்றால் போட்டு முடித்தது என்னும் எண்ணம் வருகிறது. ‘உயிர்ப் பாதை’ என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. லாரிகள் ஏரியில் இறங்கிய வாகனோவோ கரையில் 1966இல் சிற்பி கொன்ஸ்தந்தீன் சீமுன் வகுத்த நினைவுச் சின்னம் நிற்கிறது. ஒன்றையொன்று தொடாத இரண்டு கான்கிரீட் அரைவளைவுகள். அவற்றின் இடையே, தரையிலுள்ள கான்கிரீட்டில் லாரிச் சக்கரங்களின் தடம் பதிக்கப்பட்டிருக்கிறது. அது நீரை நோக்கி இறங்குகிறது.